வாசகர் கேள்வி பதில்: பூட்டி வச்ச வீட்டுக் கதையள்

போன இதழில, பொம்பிளையளின்ர வாழ்க்கையையும் வீட்டு ரகசியங்களையும் சொல்லுற நாவல்களைப் பற்றி எழுதி அனுப்புங்கோ எண்டு கேட்டிருந்தம். வந்த கடிதங்களைப் பாத்தால் நாவலைப் பற்றிக் கொஞ்சமும் சொந்த வீட்டைப் பற்றிக் கனக்கவும் இருக்கு. பெயர் போடவேண்டாம் எண்டு கனபேர் கேட்டபடியால் ஒருத்தற்ற பெயரும் போடேல்ல, ஊர் மட்டும் தான்.

சுன்னாகத்தில இருந்து ஒரு வாசகி: அக்கா, நான் பள்ளிக்கூடக் காலத்தில இருந்தே குடும்ப நாவல் வாசிக்கிற ஆள். எதை எடுத்தாலும் ஒரு பொம்பிளை ஏதோ ஒண்டை மறைச்சு வச்சிருப்பா, கடைசி அத்தியாயத்தில அது வெளியில வரும், அவா அழுவா, எல்லாரும் மன்னிப்பினம். ஏன் எப்பவும் பொம்பிளையளுக்குத் தான் ரகசியம்? ஆம்பிளையளுக்கு ஒண்டும் இல்லையோ?

ஏன் இல்லை தங்கச்சி, இருக்கு. ஆனா அது வெளியில வந்தாலும் அவையின்ர வாழ்க்கை பெரிசாக் குலையிறேல்ல. "அவன் அந்தக் காலத்தில கொஞ்சம் அப்பிடி இப்பிடித் திரிஞ்சவன் தான்" எண்டு ஒரு கதையோட முடிஞ்சிடும், பேந்து கலியாணமும் நடக்கும் சீதனமும் வரும். பெட்டைப்பிள்ளை எண்டால் அவவோட நிக்காது, தங்கச்சிமாற்ற கலியாணம், சின்னம்மாவின்ர பிள்ளையளின்ர கலியாணம் எண்டு நீண்டுகொண்டு போகும். எங்கட ஊரில கலியாணம் பேசேக்க விசாரிக்கிறது எண்டு ஒண்டு இருக்கெல்லோ, குறிப்புப் பொருந்தினாப் பிறகு மாப்பிள்ளை பகுதி ஆக்கள் ஒழுங்கை முடக்குக் கடையில, கோயிலடியில, பிள்ளைக்குப் படிப்பிச்ச ரீச்சரிட்ட எல்லாம் கேட்டுத் திரிவினம், அந்த விசாரிப்புக்குப் பயந்து தான் எங்கட வீடுகளில கனக்க ரகசியம் உண்டாகுது. பிள்ளைக்கு வலிப்பு வாறது, அக்கா ஆரையோ விரும்பினது, அம்மா மூண்டு மாதம் ஆஸ்பத்திரியில மன வருத்தத்துக்கு மருந்து எடுத்தது, எல்லாம் இதுக்குள்ள அடங்கும். இதுகளில ஒண்டாவது குற்றமோ சொல்லுங்கோ? வீட்டு ஆக்கள் எல்லாரும் சேந்து மறைக்கினம், ஆனா காவுறது அவா ஒராள் தான்.

அதால ஒரு நாவலை எடுத்தால் நான் முதல் பாக்கிறது, ரகசியம் என்ன எண்டதை இல்லை, அதை ஆர் காவல் காக்கினம், அது மூடிக்கிடக்கிறதால ஆருக்கு லாபம் எண்டதைத் தான். எழுதின ஆள் அதைக் காட்டியிருந்தால் அது நல்ல நாவல். கடைசி அத்தியாயத்தில திடுக்கிட வைக்கிறதுக்கு மட்டும் ஒரு பொம்பிளையின்ர வேதனையை ஒளிச்சு வச்சிருந்தால் எனக்குக் கோவம் தான் வரும்.

இதை விளங்கிக்கொள்ள ஜெயகாந்தன் எழுதின ரெண்டைச் சேத்து வாசியுங்கோ. 1966 ல வந்த "அக்னிப் பிரவேசம்" சிறுகதையில, மழைக்குள்ள கார்ல ஏத்திக்கொண்டு போன ஒருத்தனால கெடுக்கப்பட்ட பிள்ளை வீட்டை வந்து அம்மாவிட்டச் சொல்லுறா, அம்மா அவவின்ர தலையில தண்ணியை வார்த்து நீ சுத்தமாயிட்டாய், ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டு மூடிவிடுறா. அந்தக் கதைக்கு அப்ப சரியான எதிர்ப்பு. பேந்து அவர் அதே சம்பவத்தை எடுத்து, அம்மா அப்பிடி மூடாமல் குழறி ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்திருக்கும் எண்டு "சில நேரங்களில் சில மனிதர்கள்" எழுதினார், 1972 ல சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைச்சது. அதில கங்கா எண்ட அந்தப் பிள்ளையைத் தமையன் வீட்டை விட்டுத் துரத்துறான். நடந்தது ரெண்டிலயும் ஒண்டு தான், பிள்ளையும் அப்பிடியே தான், ஆனா ஒரு அம்மாவின்ர வாயால முழு வாழ்க்கையும் மாறுது. ரெண்டையும் அடுத்தடுத்து வாசிச்சால் அந்தக் கார்க்காரனுக்கு ரெண்டு இடத்திலயும் உடன பெரிசா ஒண்டும் நடக்கேல்ல எண்டதும் தெரியும். உங்கட கேள்விக்கு இதை விட வடிவான பதில் எனக்குத் தெரியேல்ல.

அதே 1966 ல வந்த தி. ஜானகிராமன்ர "அம்மா வந்தாள்" இன்னொரு வகை. அலங்காரத்தம்மாளுக்கும் சிவசுவுக்கும் இருக்கிற உறவு வீட்டில தகப்பனுக்கும் தெரியும், வேதம் படிச்சுப்போட்டு வாற மகன் அப்புவுக்குத் தான் புதுசு. தெரிஞ்சும் தெரியாத மாதிரி ஒரு குடும்பம் எப்பிடிச் சாப்பிட்டு, படுத்து, எழும்பி இருக்கும் எண்டதை அதில பாக்கலாம். எங்கட ஊரிலயும் கனக்க ரகசியங்கள் அப்பிடித் தான், ஊருக்கே தெரியும், கதைக்கிறது மட்டும் இல்லை.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில இருந்து ஒரு பல்கலைக்கழக மாணவி: எங்கட நாட்டுப் பெண்கள் எழுதினதில எதில இருந்து துவங்கலாம்? கடையில பாத்தால் எல்லாம் இந்தியாப் புத்தகமாத் தான் இருக்கு.

பிள்ளை, பழசில இருந்தே துவங்குங்கோ. மங்களநாயகம் தம்பையா எழுதின "நொறுங்குண்ட இருதயம்" 1914 ல வந்தது, ஈழத்தில ஒரு பெண் எழுதின முதல் நாவல் எண்டு அதைத் தான் சொல்லுறவை. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பம், புருசனால துன்பப்படுற மனுசி, பொறுமை, போதனை. நடை இப்ப வாசிக்கக் கொஞ்சம் பாரமா இருக்கும், போதனை வாற இடங்களை மெதுவாத் தாண்டிப் போகலாம், ஆனா நூறு வருசத்துக்கு முந்தி ஒரு யாழ்ப்பாணத்து மனுசி, கலியாணம் கட்டின வீட்டுக்குள்ள நடக்கிற கொடுமையை அச்சில ஏத்தினது எண்டதை நினைச்சுப் பாருங்கோ.

பேந்து நாவல் இல்லாட்டிலும் "சொல்லாத சேதிகள்" கவிதைத் தொகுப்பை விடாதேங்கோ, 1986 ல யாழ்ப்பாணத்தில வந்தது, சித்திரலேகா மௌனகுரு தொகுத்தவா, பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்டது. யுத்தமும் வீடும் ரெண்டு பக்கத்தாலயும் நெரிக்கேக்க இளம் பிள்ளையள் எழுதின கவிதையள். தமிழ்க்கவியின்ர "ஊழிக்காலம்" வன்னியில கடைசி யுத்தத்தைக் குடும்பத்தைக் காவிக்கொண்டு ஓடுற ஒரு வயசான மனுசியின்ர பக்கத்தில நிண்டு சொல்லும், அது அழுகையோட வாசிக்க வேண்டிய புத்தகம், சோதினை நேரத்தில எடுக்காதேங்கோ. தாமரைச்செல்வியின்ரயள், ராஜேஸ்வரி பாலசுப்பிரமணியத்தின்ரயள், கோகிலா மகேந்திரன்ர சிறுகதையள் எண்டு தேடிக்கொண்டு போனால் வழி தானா விரியும். இங்கிலிஷ் வாசிப்பீங்கள் எண்டால் வி.வி. கணேசானந்தன்ர "பிரதர்லெஸ் நைட்" கட்டாயம், எண்பதுகளில யாழ்ப்பாணத்தில டொக்ரருக்குப் படிக்கிற ஒரு பிள்ளையின்ர கதை, 2024 ல விமென்ஸ் பிரைஸ் கிடைச்சது அதுக்குத் தான்.

கடையில இல்லை எண்டது உண்மை தான். எங்கட ஆக்களின்ர புத்தகங்கள் கொஞ்சமா அடிச்சு, கெதியா முடிஞ்சு, திரும்ப அடிக்கிறேல்ல. 1981 ல யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சதோட போனது தொண்ணூற்றேழாயிரம் புத்தகம் எண்டு சொல்லுறம், அதுக்குப் பிறகும் இடம்பெயர்வில அலுமாரியோட விட்டிட்டு வந்தது எவ்வளவு. நூலகம் எண்ட இணையத்தளத்தில 2005 ல இருந்து ஈழத்துப் புத்தகங்களை ஸ்கான் பண்ணி இலவசமாப் போடுகினம், போனிலயே வாசிக்கலாம், முதல் அங்கை தேடிப்பாருங்கோ.

தமிழ்நாட்டுப் பக்கம் ஒண்டு சொல்லச் சொன்னால் சல்மாவின்ர "இரண்டாம் ஜாமங்களின் கதை", 2004 ல வந்தது. ஒரு முஸ்லிம் ஊரில வீட்டுக்குள்ள இருக்கிற பொம்பிளையள் தங்களுக்குள்ள என்ன கதைப்பினம் எண்டதை ராபியா எண்ட சின்னப் பிள்ளையும் காதில வாங்கிக்கொண்டு திரியிற மாதிரி எழுதியிருக்கிறா. குசினிக் கதவுக்குப் பின்னால நிண்டு பெரியாக்களின்ர கதை கேட்டு வளந்த எல்லாருக்கும் அது விளங்கும்.

கரவெட்டியில இருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: குடும்ப விசயத்தைச் சந்திக்கு இழுக்கிற இந்த நாவல்களால எங்கட பண்பாடு தான் கெடுகுது. எங்கட தாய்மார் எவ்வளவோ பொறுத்துக் குடும்பத்தைக் காப்பாத்தினவை. அதைப் பெருமையா எழுதாமல் ஏன் அழுக்கைக் கிளறுவான்?

ஐயா, உங்கட வயசையும் நீங்கள் படிப்பிச்ச பிள்ளையளையும் நினைச்சு மரியாதையோட தான் சொல்லுறன், நீங்கள் சொல்லுற அந்தப் பொறுமைக்குப் பின்னால ஒரு கையெழுத்து இருக்கு. எங்கட வழக்கத்தில மகளுக்குத் தான் சீதன உறுதி முடிக்கிறம், வீடு வளவு அவவின்ர பேரில, எங்கட பொம்பிளையளுக்குச் சொத்து இருக்கு எண்டு பெருமையாக் கதைக்கிறம். 1707 ல ஒல்லாந்தர் காலத்தில கிளாஸ் ஐசாக்ஸ் எண்ட அதிகாரி தொகுத்த, யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமையும், அதுக்கு மேல 1911 ல வந்த யாழ்ப்பாண விவாக உரிமைச் சட்டமும் சேந்து என்ன சொல்லுது எண்டால், கலியாணம் கட்டின மனுசி தன்ர பேரில இருக்கிற காணியை விக்கிறதோ ஈடு வைக்கிறதோ எண்டாலும் புருசன்ர எழுத்துச் சம்மதம் வேணும். அவர் விட்டிட்டுப் போனாலோ, காரணமில்லாமல் மறுத்தாலோ மனுசி கோட்டுக்குப் போய் அனுமதி எடுக்கோணும். அப்ப வீடு அவவின்ர, சாவி அவற்ற. அடி வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் இருந்த எங்கட அம்மம்மாமாரை நாங்கள் பொறுமைசாலி எண்டு சொல்லுறம், அவையிட்ட வேற வழி என்ன இருந்தது எண்டு ஒருக்காலும் கேக்கேல்ல. நாவல் அதைக் கேக்குது. அதால அவையின்ர பெருமை குறையும் எண்டு எனக்குத் தெரியேல்ல ஐயா, அவை தாங்கினதின்ர நிறை அப்ப தான் எங்களுக்குத் தெரியுது.

இன்னொண்டும் யோசியுங்கோ. யுத்தத்தில புருசன் காணாமல் போன மனுசிமார் எங்கட மாகாணம் முழுக்க இருக்கினம். மரணச் சான்றிதழ் எடுங்கோ எண்டால் அவை மாட்டம் எண்டினம், ஏனெண்டால் அதை எடுத்தால் அவரைத் தாங்களே சாகக் குடுத்த மாதிரி. 2016 ல காணாமற்போனவைக்கு எண்டு வேற சான்றிதழ் குடுக்கச் சட்டம் வந்தது, 2017 மாசியில கிளிநொச்சியில கந்தசாமி கோயிலடியில தாய்மார் றோட்டில இருக்கத் துவங்கினவை, வருசக்கணக்கா இருந்தினம். அந்த மனுசி பொட்டு வச்சால் ஒரு கதை, வைக்காட்டில் இன்னொரு கதை. கலியாண வீட்டுக்குப் போனால் முன்னுக்கு நிக்கிறதோ பின்னுக்கு நிக்கிறதோ எண்டு அவவுக்கே தெரியாது. ராத்திரி ஆரோ பாதுகாப்புக்கு வந்து நிண்டால் அது ரகசியம், பிள்ளையின்ர படிப்புக்கு நகையை அடைவு வச்சால் மாமிக்கு ரகசியம், அவர் இனி வரமாட்டார் எண்டு ஒரு நாள் மனசுக்குள்ள நினைச்சிட்டால் அது எல்லாத்தையும் விடப் பெரிய ரகசியம். இதை அழுக்கு எண்டு எப்பிடி ஐயா சொல்லுறது? உங்களிட்டப் படிச்ச ஆரோ ஒரு பிள்ளை தான் இதை வடிவா எழுதோணும், நீங்கள் எழுது எண்டு சொன்னால் அவா துணிஞ்சு எழுதுவா.

கனடா ஸ்காபரோவில இருந்து ஒரு வாசகி: என்ர பெரியம்மாவுக்குக் கலியாணத்துக்கு முதல் ஒரு பிள்ளை பிறந்து, அதை வேற ஆரோ வளத்தினம் எண்டு அம்மா கடைசிக் காலத்தில எனக்குச் சொன்னவா. பெரியம்மா எண்பது தாண்டி இப்பவும் யாழ்ப்பாணத்தில இருக்கிறா. இதை நாவலா எழுத ஆசை. எழுதலாமோ?

உங்கட கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசிச்சனான். பெரியம்மாவைப் பற்றி இருக்கு, உங்கட அம்மாவைப் பற்றி இருக்கு, தாத்தாவின்ர கோவத்தைப் பற்றி இருக்கு, அந்தப் பிள்ளையின்ர தகப்பன் ஆர் எண்டு ஒரு சொல்லும் இல்லை. உங்களுக்குச் சொன்ன அம்மாவும் சொல்லேல்ல, நீங்களும் கேக்கேல்ல போல. உங்கட நாவல் அந்த இடத்தில இருந்து தான் துவங்கோணும் எண்டு எனக்குப் படுது.

எழுதலாமோ எண்டதுக்கு வாறன். இது பெரியம்மாவின்ர ரகசியம் மட்டும் இல்லை, எங்கையோ ஒரு அம்பது அறுவது வயசு ஆளின்ரயும் தான், அவருக்கோ அவவுக்கோ தாங்கள் வளப்புப் பிள்ளை எண்டதே தெரியாமல் இருக்கலாம். அதால உள்ளதை உள்ளபடி எழுதி பெயரை மட்டும் மாத்தினால் காணாது. எங்கட ஆக்கள் ஒரு கோயில், ஒரு பள்ளிக்கூடம், தாத்தா பாத்த உத்தியோகம் இந்த மூண்டையும் வச்சு ஆள் ஆர் எண்டு பிடிச்சிடுவினம், ஸ்காபரோவில இருந்துகொண்டே பிடிப்பினம். ஊரை மாத்துங்கோ, ஆனா மாத்தினால் முழுசா மாத்துங்கோ. புகையிலைத் தோட்டக்காரக் குடும்பத்தைத் தூக்கித் தீவுப்பகுதியில வச்சால் தொழில் மாறும், தண்ணி அள்ளப் போற தூரம் மாறும், ஆம்பிளையள் வெளியூரில கடை வச்சிருந்தால் வீட்டில ஆர் அதிகாரம் பண்ணுறது எண்டதும் மாறும். அப்பிடி மாத்திக்கொண்டு போகேக்க தான் அது உங்கட நாவலா வரும், பெரியம்மாவும் கொஞ்சம் கொஞ்சமா அதில இருந்து வெளியில வந்திடுவா.

பெரியம்மாவிட்டக் கேக்கோணும் தான். ஆனா வட்ஸ்அப்பில கேக்காதேங்கோ. வயசான ஆக்கள் போனைத் தாங்களா பிடிக்கிறேல்ல, பேரப்பிள்ளையோ மருமகளோ பக்கத்தில நிண்டு பிடிச்சுக்கொண்டிருக்கும், எண்பது வயசில அந்த மனுசியை ஆக்களுக்கு முன்னால நடுங்க வைக்கக் கூடாது. லீவில வந்தால் தனிய இருந்து கதையுங்கோ, நீங்களா அந்தக் கதையை எடுக்காமல் அந்தக் காலத்தில வீடு எப்பிடி இருந்தது, ஆர் சமைச்சது, எந்த மருத்துவிச்சி வாறவா எண்டு கேளுங்கோ. அவவுக்குச் சொல்ல விருப்பம் இருந்தால் அவாவே வருவா. வராட்டில் விடுங்கோ. அவா உயிரோட இருக்கும் வரைக்கும் எழுதி வச்சிருங்கோ, அச்சுக்குக் குடுக்காதேங்கோ எண்டது என்ர அபிப்பிராயம், இதை ஒத்துக்கொள்ளாத எழுத்தாளர் கனபேர் இருக்கினம், எழுத்து முக்கியம் எண்டு சொல்லுவினம். எனக்கு அந்த மனுசி முக்கியம்.

எழுதேக்க, ரகசியத்தைக் கடைசிக்கு வைக்காதேங்கோ, முதல் அத்தியாயத்திலயே சொல்லிவிடுங்கோ. பிள்ளை பிறந்தது எண்டு வாசகருக்குத் தெரிஞ்ச பிறகு தான் மற்றதெல்லாம் உயிர் பெறும். அந்த மாதங்களில அவவை எங்க வச்சிருந்தவை, கொழும்பில சித்தி வீட்டில நிண்டு தையல் படிக்கிறா எண்டு ஊருக்குச் சொன்னது ஆர், அதைச் சொல்லேக்க உங்கட அம்மாவுக்கு என்ன வயசு, பால் கட்டி நெஞ்சு நோகேக்க பக்கத்தில ஆர் இருந்தது, பேந்து கலியாணம் கட்டின பெரியப்பாவுக்குத் தெரியுமோ. இந்தக் கேள்வியள் ஒவ்வொண்டும் ஒரு அத்தியாயம். பாத்திரங்களை யாழ்ப்பாணத் தமிழிலயே கதைக்க விடுங்கோ, வெளியில விளங்காது எண்டு பயந்து பத்திரிகைத் தமிழுக்கு மாத்தினால் பெரியம்மாவின்ர குரல் போயிடும்.

பருத்தித்துறையில இருந்து, ஊர் மட்டும் போடலாம் எண்டு சொன்ன ஒரு வாசகி: நீங்கள் முந்தி ஒருக்காச் சொன்ன நாவலை வாசிச்சன். அது என்ர கதை. புருசன்ர கொடுமை பதினொரு வருசமா நடக்குது, அம்மாவுக்கும் தெரியாது. வாசிச்சு முடிச்ச பிறகு சமைக்க ஏலாமல் இருந்தன். என்ன செய்யிறது எண்டு தெரியேல்ல.

அம்மா, எழுதினது நல்லது. பதினொரு வருசத்துக்குப் பிறகு இதை ஒரு ஆளுக்கு எண்டாலும் சொல்லிட்டீங்கள், அந்த ஆள் நானா இருந்தது எனக்குப் பெரிய விசயம். உங்கள்ல பிழை ஒண்டும் இல்லை.

எல்லாருக்கும் சொல்லோணும் எண்டில்லை. நம்பக்கூடிய ஒரே ஒரு ஆளைத் தெரிஞ்செடுங்கோ, அது அம்மாவா இருக்கோணும் எண்டும் இல்லை, மச்சாளா இருக்கலாம், பிள்ளையின்ர ரீச்சரா இருக்கலாம், குடும்பநல உத்தியோகத்தர் மிஸ்ஸா இருக்கலாம். இலங்கை அரசாங்கத்தின்ர பெண்கள் உதவி இலக்கம் 1938, தமிழில கதைக்கலாம். மனசு தாங்கேலாமல் வந்தால், சாகலாமோ எண்ட நினைப்பு வந்தால், 1926 க்கு எடுங்கோ, அது மனநல உதவி இலக்கம். போன் எடுக்கிறதெண்டால் அவர் பாக்காத போனில இருந்து எடுங்கோ. 2005 ல வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் கோட்டில பாதுகாப்புக் கட்டளை கேக்கலாம், உங்களுக்காகப் பொலிஸ் உத்தியோகத்தர் ஒராளும் மனுப் போடலாம், கட்டளை 12 மாதம் வரைக்கும் குடுப்பினம். அடிச்சால் மட்டும் தான் எண்டில்லை, மனசைத் தொடர்ந்து வதைக்கிறதும் அந்தச் சட்டத்துக்குள்ள வரும். அடையாள அட்டை, பிள்ளையளின்ர பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பாங்க் புத்தகம் எல்லாத்தையும் ஒரு இடத்தில எடுத்து வையுங்கோ, கொப்பி எடுத்து நம்பின ஆளிட்டக் குடுத்து வையுங்கோ. உடன போறீங்களோ இல்லையோ, அது கையில இருக்கட்டும். திரும்ப எழுதுங்கோ, பிரசுரிக்கமாட்டன், நான் மட்டும் தான் வாசிப்பன்.

சாவகச்சேரியில இருந்து ஒரு தாய்: மகளுக்குப் பதினைஞ்சு வயசு. இப்பிடியான நாவல்களை வாசிக்க விடலாமோ?

விடுங்கோ. நீங்களும் அதை வாசியுங்கோ, வாசிச்சுப்போட்டு நல்லது கூடாது எண்டு பாடம் எடுக்காமல், அந்த அம்மா அப்பிடிச் செய்தது சரியோ எண்டு மகளிட்டக் கேட்டுப் பாருங்கோ. அவாவுக்கு ஒரு நாள் பஸ்ஸிலயோ ரியூசனிலயோ ஏதும் நடந்தால் உங்களிட்டத் தான் வந்து சொல்லோணும், அதுக்கு இப்பவே கதைச்சுப் பழகியிருக்கோணும். சில புத்தகங்களில உடம்பைப் பற்றி வெளிப்படையா இருக்கும், அதை ரெண்டு வருசம் கழிச்சுக் குடுக்கலாம், ஒளிச்சு வச்சால் மட்டும் கட்டாயம் தேடி எடுத்து வாசிப்பா.

மானிப்பாயில இருந்து ஒரு வாசகர்: மனுசி இந்த நாவல்களை வாசிச்சிட்டு ராத்திரி கன நேரம் கதைக்காமல் இருக்கிறா. கேட்டால் ஒண்டுமில்லை எண்டுறா. நான் என்ன செய்ய?

தம்பி, அவா வாசிச்ச புத்தகத்தை எடுத்து நீங்களும் வாசியுங்கோ. நான் கேட்டால் சொல்லுறா இல்லை எண்டு எழுதியிருக்கிறீங்கள், அவா என்ன வாசிச்சவா எண்டு தெரியாமல் என்னத்தைக் கேட்டீங்கள்? முழுசா வாசிச்சு முடியுங்கோ, அதுக்குப் பிறகு புத்தகத்தைப் பற்றி மட்டும் கதையுங்கோ, அந்த ஆம்பிளை செய்தது உங்களுக்கு எப்பிடிப் பட்டது எண்டு முதல் நீங்கள் சொல்லுங்கோ. அவா ஏதும் சொல்லத் துவங்கினால் இடையில மறிச்சு நியாயம் சொல்லாதேங்கோ, நான் அப்பிடி இல்லைத் தானே எண்டும் கேக்காதேங்கோ. எந்தப் புத்தகம் எண்டு நீங்கள் எழுதேல்ல. எழுதி அனுப்புங்கோ, அடுத்த இதழில அதைப் பற்றிக் கதைப்பம்.